ஓட்டேரிக் கரையில் சித்தப்பா

பல்லாவரத்தில் எங்களுக்கு மலையும் உண்டு, ஏரியும் உண்டு. நிழல்தான் கிடையாது. மலைப்பக்கம் கல்குவாரியில் வெடி வைத்துக்கொண்டிருந்தார்கள். பெரிய ஏரிக்கரையில் ஒதுங்க வேலிகாத்தான் மட்டும்தான். அந்த ஏரியையும் பிற்பாடு துரைப்பாக்கம் போகும் 200 அடி சாலை இரண்டாகப் பிளந்துவிட்டது. எனவே மரத்தையும் தண்ணீரையும் சேர்த்துப் பார்க்க வேண்டுமென்றால் மீட்டர்கேஜ் மின்சார ரயிலேறி, தாம்பரத்தில் வண்டி மாறி, வண்டலூரில் இறங்குவோம்.

1985இல் எம்.ஜி.ஆர். திறந்துவைத்த அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா அப்போது புதுசு. எட்வர்ட் பால்ஃபர் 1855இல் பட்டணத்தில் தொடங்கிய மிருகக்காட்சி சாலைதான், இடம் போதாமல் இங்கே காப்புக்காட்டுக்குள் குடிவந்திருந்தது. பாட்டிக்குக் கடைசிவரை அது ‘உயிர் காலேஜ்’தான்.

பகலில் புலி தூங்கும், சிங்கமும் தூங்கும். காணும் பொங்கலன்று என்றால் கூட்டத்தில் கூண்டே தெரியாது. சித்தப்பா இதற்கெல்லாம் நிற்க மாட்டார். நேரே பூங்காவுக்குள்ளேயே இருக்கும் ஓட்டேரி ஏரிக்கரைக்கு நடப்பார், நாங்கள் முணுமுணுத்துக்கொண்டே பின்னால் ஓடுவோம். கரையில் துண்டை விரித்து உட்கார்ந்த பிறகுதான் புளிசாதப் பொட்டலம் பிரியும். அதையும் குரங்குக்குத் தெரியாமல் பிரிக்க வேண்டும். மழை நன்றாகப் பெய்த வருஷங்களில் நத்தைகுத்தி நாரை, வக்கா, பாம்புத்தாரா எல்லாம் வந்திறங்கும். பாம்புத்தாரா கழுத்தை மட்டும் வெளியே நீட்டி நீந்தும்போது, பாம்பு என்று அலறாத குழந்தையே எங்கள் வீட்டில் இல்லை. மூழ்கியது எங்கே எழும் என்று பந்தயம் கட்டுவோம். “டிக்கெட் வாங்காம வந்ததுங்கடா இதெல்லாம், நல்லா பாத்துக்குங்க” என்பார் சித்தப்பா. பூங்காவிலேயே பார்க்கத் தகுந்தவை அவைதான் என்பது என் கட்சியும்.

மழை பொய்த்தால் ஏரி வெடித்துக் கிடக்கும். அப்போதும் அவர் அங்கேதான் உட்காருவார், மரங்கள் இருந்தனவே.

2016 டிசம்பர் 12ஆம் தேதி வர்தா புயல் வந்தது. பூங்காவில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. மறுபடி திறந்தபின் சித்தப்பாவை அழைத்துப் போனேன். இடுப்புயரக் கன்று ஒன்றைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். “இது நிழல் தர்றதுக்குப் பத்து வருஷமாவது ஆகும்” என்றார். அதிலிருந்து வண்டலூர் கிளம்பினால் புளிசாதத்தோடு இரண்டு குடையும் பைக்குள் போகிறது.