கல்லறைக் குன்று

அன்னிய நாட்டில் ஆபிரகாமுக்கு உரிமையாக வாய்த்த முதல் நிலம் ஒரு கல்லறை நிலமே. சாராவை அடக்கம் செய்ய இத்தியரிடமிருந்து நானூறு வெள்ளிக் காசு கொடுத்து மக்பேலாவை அவர் வாங்கியதைத் தொடக்க நூல் 23ஆம் அதிகாரம் விவரிக்கிறது. பிழைக்கச் சென்ற மண்ணில் தம் இறந்தோரைப் புதைத்த பின்னரே மனிதர் அவ்வூரார் ஆகின்றனர் போலும். சிங்கப்பூரில் புக்கிட் பிரவுன் என்னும் சீனர் கல்லறைத் தோட்டத்தைக் கண்டபோது இவ்வெண்ணமே நமக்குள் எழுந்தது.

'புக்கிட்' என்பதற்கு மலாய் மொழியில் குன்று என்று பொருள். 1922இல் நகராட்சி திறந்து, 1973இல் மூடப்பட்ட இத்தோட்டத்தில் ஏறக்குறைய ஒரு இலட்சம் கல்லறைகள் இருந்தன. திருவண்ணாமலையிலிருந்து அங்கே குடியேறிய நம் பங்குக் குடும்பம் ஒன்று நம்மை அழைத்துச் சென்றது. பின்னே மண்மேடு, முன்னே அரைவட்டத் திண்ணை. வேர்கள் பிளந்த கற்களில் மங்கிய எழுத்துகள். சில கல்லறைகளின் இருபுறமும் தலைப்பாகையும் தாடியுமாகச் சீக்கியக் காவலரின் சிலைகள்! "சீனர் கல்லறையில் சிங் ஏன் நிற்கிறார், சாமி?" என்று சிறுவன் வினவினான். அக்காலச் சிங்கப்பூரில் காவல் துறையிலும் காவல் பணியிலும் சீக்கியர் பலர் இருந்தனர். உயிரோடிருக்கையில் நம்பியவரையே சாவிலும் காவலுக்கு வைத்துக்கொண்டார்கள்.

ஓங் சாம் லியோங் என்னும் வணிகரின் கல்லறையே அங்குள்ளவற்றில் மிகப் பெரியது. பெற்றோரைப் பேணிய மக்களைப் பற்றிய சீனக் கதைகள் அதில் சிற்பங்களாக உள்ளன. நான்காம் கட்டளைக்கு இதைவிட நல்ல மறைக்கல்விப் படம் வேண்டுமோ? ஆயினும் முன்னோர்முன் தலைவணங்கும் இச்சீனச் சடங்குகளை 1742இல் திருத்தந்தை 14ஆம் ஆசீர்வாதப்பர் முற்றாகத் தடை செய்தார். ஈராண்டுகளில், தெ நொபிலி வழிவந்த நம் தமிழகப் பழக்கங்கள் பலவும் மலபார் சடங்குகள் என்ற பெயரில் கட்டுப்படுத்தப்பட்டன. 1939இல்தான், 12ஆம் பத்திநாதர் காலத்தில், இறந்தோருக்குச் சீனர் செய்யும் வணக்கம் சமூக மரியாதையே என உரோமை ஏற்றது. ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள்! சீனரின் துன்பமும் நம் துன்பமும் ஒரே ஏட்டின் இரு பக்கங்கள்.

இன்று அக்குன்றுக்கு வந்துள்ள இடர் வேறு. நெடுஞ்சாலை அமைக்கும் திட்டத்தை 2011இல் அரசு அறிவித்தது. உலக நினைவுச்சின்ன நிதியம் 2014இல் இத்தோட்டத்தைத் தன் ஆபத்துப் பட்டியலில் சேர்த்தும், சுமார் நாலாயிரம் கல்லறைகள் தோண்டப்பட்டன. எவரும் உரிமை கோராத எலும்புகளைத் தகனம் செய்து, மூன்றாண்டு காத்திருந்து, சாம்பலைக் கடலில் தூவுவது என்பது அறிவிக்கப்பட்ட முறை. 2019இல் லோர்னி நெடுஞ்சாலை முழுமையாகத் திறக்கப்பட்டது. மரங்களுக்கிடையே அதன் இரைச்சல் நமக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. எஞ்சிய நிலமும் நாளடைவில் குடியிருப்புக்கு என ஒதுக்கப்பட்டுள்ளது.

சிறு தீவு, வாழ்வோருக்கு வீடு வேண்டும் என்பதை நாம் மறுக்கவில்லை. கிறிஸ்தவரும் முஸ்லிம்களும் அடக்கம் செய்யப்பட்டிருந்த பிடாதாரியிலும் 2001 முதல் 2006 வரை கல்லறைகள் அகற்றப்பட்டன. இப்போது அங்கே அடுக்குமாடி வீடுகள். ஏழைக்கு வீடு என்றால் இறந்தோரும் இடம் விடுவர் எனலாம். வாகனங்கள் விரைந்து செல்வதற்கு என்றால் நம் மனம் ஒப்பவில்லை. 1998 முதல் அந்நாட்டில் எந்தப் புதைகுழிக்கும் பதினைந்து ஆண்டுகளே தவணை. தோபித்து இரவில் எழுந்து அன்னியரின் கையால் மாண்டோரைப் புதைத்த நாட்களில் இப்படியொரு தவணையை நினைத்திருப்பாரா!

நம் ஊரில் இல்லறத்தாரை எரிப்பர். துறவியரைப் புதைத்துச் சமாதி எழுப்புவர். 1950இல் மறைந்த இரமண மகரிஷியின் சமாதியை அன்றாடம் மக்கள் வலம் வருகின்றனர். எனவே கல்லறைத் திருநாளில் நாம் மெழுகுதிரி ஏற்றுவது அயலாருக்குப் புதிராய் இருப்பதில்லை. புதிர் நமக்குள்ளேதான். பங்கின் கல்லறைத் தோட்டம் நிரம்பிவிட்டது. நவம்பர் 2ஆம் நாள் மாலையோ திரியோ காணாத பழங்குழிகளைச் சமன் செய்துவிடலாம் என்று பங்குப்பேரவையில் ஒரு கருத்து எழுந்தது. இடமில்லை என்பதும் உண்மையே.

புக்கிட் பிரவுனில் தன்னார்வலர்கள் பழைய அடக்கப் பதிவேடுகளைப் பார்த்து, கற்களின் பெயர்களைப் படித்து, பேரப்பிள்ளைகளைத் தேடித் தருகின்றனர். நம் இளைஞரிடமும் இறந்தோர் பதிவேட்டைக் கொடுத்துள்ளோம். ஒவ்வொரு குழிக்கும் பெயர் காணப்படும்வரை மண்வெட்டி பணியறையிலேயே இருக்கும். முதல் ஞாயிறன்று பதினேழு பெயர்கள் கிடைத்தன. அவற்றுள் இரண்டு, பிறந்த அன்றே இறந்த குழந்தைகளுடையவை.