ஒரு மணி நேரம்

எஸ்.எம்.ஏ. ஜின்னா அவர்கள் 1985-இல் தோற்றுவித்த இந்தியப் பார்வையற்றோர் சங்கத்தின் பள்ளி, மதுரையை அடுத்த சுந்தரராஜன்பட்டியில் உள்ளது. அங்குப் பயின்று கல்லூரிக்கு வந்த மூத்த மாணவர் ஒருவருக்காகத் தமிழ்த் தேர்வெழுதும் பணி, மாணவப் பருவத்தில் எனக்கு வாய்த்தது.

அவருக்குக் கூடுதலாக ஒரு மணி நேரம் எதற்கு என்று எண்ணியவாறே சென்றேன். வினாவை இருமுறை படித்தேன். அவர் சிந்தித்துச் சொன்னார். எழுதியதைப் படித்துக் காட்டினேன். மற்றவர்கள் எழுந்து சென்றபோது எங்களுக்கு இரு வினாக்கள் எஞ்சியிருந்தன. என் எழுதுகோல் விரைந்தது.

"தம்பி, 'அரிய' என்றேனே, எந்த ரகரம் எழுதினாய்?"

பார்த்தேன். 'அறிய' என்றிருந்தது. பிழை என்னுடையது, குறையும் மதிப்பெண்ணோ அவருடையது!

"பதற்றம் வேண்டாம் தம்பி, நேரம் இருக்கிறது" என்றார்.

கற்றல் குறைபாடு உள்ளிட்ட 21 வகையினரை 2016-ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்றுள்ளது. தேர்வில் மணிக்கு 20 நிமிடத்திற்குக் குறையாமல் ஈடுநேரம் வழங்க 2018-ஆம் ஆண்டு நெறிமுறை பணித்தது. மாணவத் தோழர்களே, பிறருக்காகத் தேர்வெழுத அமர்ந்தால் அந்நேரத்தை முழுமையாக அவர்களுக்கே கொடுங்கள், அது அவர்களுடையது.