துபாய்க்குப் புறப்படும் மூக்கு

நாம் துபாய்க்குப் போகிறோம் என்று சொன்னதும் ஆசிரியர் அறையில் எழுந்த முதற் கேள்வி, "தங்கம் எத்தனை பவுன் கொண்டு வரலாம்?" என்பதுதான். தங்கம் வாங்க அல்ல, வாசனைத் திரவியச் சந்தை பார்க்கப் போகிறோம் என்று விளக்கினோம். கணித ஆசிரியர் உடனே, "வாசனையைப் பார்ப்பதாவது! முகரவல்லவா வேண்டும்?" என்று திருத்தினார். அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார். நமக்கோ அது சுருக்கென்று தைத்தது. காரணத்தைப் பின்னால் சொல்கிறோம்.

வருஷந்தோறும் ஐப்பசி மாதத்தையொட்டித் துபாய் உலக வர்த்தக மையத்தில் 'பியூட்டிவேர்ல்டு மிடில் ஈஸ்ட்' என்றொரு பொருட்காட்சி கூடுகிறது. அத்தர் வியாபாரி, தைலம் வடிப்பவர், சென்ட் கலப்பவர், புட்டி செய்பவர் என்று பல தேசத்தாரும் அங்கே வருவார்கள். நம்மிடம் பிளஸ் டூவில் ரசாயனம் படித்த மாணவர் ஒருவர் இவ்வருஷம் அதற்குப் போகிறார். தொப்பூர்ப் பக்கம் குண்டுமல்லி பயிரிடும் குடும்பத்துப் பிள்ளை. அவர் கடை போடப் போகவில்லை. அதற்குப் பணம் ஏது? சட்டைப்பையில் நாலு சிறு குப்பிகளை வைத்துக்கொண்டு, கடை கடையாக ஏறி இறங்கப் போகிறார்.

குண்டுமல்லியின் விலை எப்படியென்று தர்மபுரிப் பூச்சந்தைக்கு ஒரு தரமேனும் போனவர்களுக்குத் தெரியும். மார்கழிப் பனியில் பூ அருகிவிட்டால் கிலோ ஆயிரக் கணக்கில் விற்கும். சித்திரை, வைகாசியில் செடி கொள்ளாமல் பூத்து, முகூர்த்தமும் இல்லாது போனால், பறித்த கூலிக்குக்கூடக் கட்டாது. மத்தியானத்துக்குள் விற்காத பூ, குப்பை. ஆனால் அந்தப் பூவைத் தைலமாக்கிவிட்டால் அவசரமில்லை. கோவை, சத்தியமங்கலம் பக்கத்து ஆலைகளில் இந்த வேலை நடக்கிறது. பகலில் பறித்த மொட்டு, இருட்டிய பிறகு விரிந்து மணம் விடும். அந்த நேரம் பார்த்து, ஹெக்ஸேன் என்னும் திரவத்தில் ஊறவைத்து மணத்தை இறக்குகிறார்கள். திரவத்தைப் போக்கினால் மெழுகு போன்ற ஒன்று மிஞ்சும். அதற்குக் 'கான்கிரீட்' என்று பெயர். (வகுப்பில் இதைச் சொன்னால் பிள்ளைகள் சிமிட்டியை நினைத்துச் சிரிப்பார்கள்.) அதைச் சாராயத்தில் கழுவி மெழுகை நீக்கினால் 'அப்ஸல்யூட்' கிடைக்கும். ஒரு கிலோ அப்ஸல்யூட்டுக்கு ஏறக்குறைய ஆயிரம் கிலோ குண்டுமல்லி வேண்டும். பெரும்பாலும் அதற்கு மேலும் ஆகும்.

நம் மாணவரும் நாலைந்து குடியானவர்களும் சேர்ந்து, சென்ற கோடையில் விலை போகாத பூவைக் கூலிக்கு வடித்து வாங்கினார்கள். அதற்குக் கடன் வாங்கியிருக்கிறார்கள். அந்தக் குப்பிகளோடுதான் பயணம்.

இதில் நமக்கென்ன வேலை? எஸ்டர்களைப் பற்றிப் பாடம் நடத்தும்போது, மாணவர்களின் கண்ணைக் கட்டி, குப்பிகளை முகரச் செய்து, பெயர் கேட்பது நம் வழக்கம். ஐயப்பாடு வந்தால் நம் மூக்கே தீர்ப்புச் சொல்லும். அந்த மூக்கை நம்பித்தான் அவர் நம்மை அழைத்தார்.

அந்த மூக்கு 2021ஆம் வருஷம் மே மாதத்துக் கொரோனாவில் போய்விட்டது. ஜுரம் பத்து நாளில் தணிந்தது; மணம் திரும்பவில்லை. சில மாதம் சென்று மல்லிகை திரும்பியபோது அது மல்லிகையாக இல்லை. அழுகல் நாற்றமாக இருந்தது. இதிலும் ரசாயனம் ஒன்று உண்டு. மல்லிகைக்குள் இண்டோல் என்னும் பொருள் இருக்கிறது. தனியே செறிவாக முகர்ந்தால் மலநாற்றம். சிறிதளவாய் மற்றவற்றோடு கலந்தால்தான் மல்லிகைக்கு மல்லிகைத்தன்மை. நமக்கு மற்றவை அழிந்து இதுவொன்றே மிஞ்சிவிட்டதோ என்று தோன்றியது. நம் சகதர்மிணி அறிந்ததும், மல்லிகை வைத்துக்கொள்வதை நிறுத்திவிட்டாள். நாம் கேட்டுக்கொள்ளவில்லை. மூன்று வருஷமாகக் கனகாம்பரந்தான். அதற்கு மணமே கிடையாதல்லவா? அந்தப் பூ விஷயத்தில் மட்டும் நாமும் ஊராரும் ஒன்று.

பிரான்ஸில் கிராஸ் என்ற ஊரின் வாசனைக் கலையை யுனெஸ்கோ 2018ல் தன் பட்டியலில் சேர்த்தது. நம் சந்தைத் திண்ணையில் பூக்கட்டும் பெண்களின் கலையைப் பட்டியலில் சேர்க்காவிட்டால் பாதகமில்லை. முழத்துக்குக் கூலி கூடினால் போதும்.

சந்தையில் நாம் தனியே பார்க்க விரும்புவது சந்தனம். இந்தியச் சந்தன மரத்தை இப்போது மேற்கு ஆஸ்திரேலியாவில் தோப்புத் தோப்பாக வளர்க்கிறார்கள். நம் சித்தேரி மலையடிவார வாச்சாத்தியிலோ, 1992 ஜூனில் சந்தனக் கட்டை தேடுவதாகச் சொல்லிச் சர்க்கார் ஆட்கள் செய்த கொடுமைக்கு, தர்மபுரி நீதிமன்றம் 2011லும் உயர்நீதிமன்றம் 2023லுந்தான் முடிவு சொல்லின. சந்தன அத்தரை யாரேனும் நம் கையில் தடவினால், என்ன நினைப்போமோ தெரியாது.

மூக்கைப் பற்றிய உண்மையை மாணவரிடம் மறைத்தே வந்தோம். பயணச் சீட்டு எடுக்கும் நாளில்தான் சொன்னோம். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "சார், அங்கே மூக்குக்குப் பஞ்சமில்லை. எந்தப் பொருள் எத்தனை சதம்னு ஒரு தாள் குடுத்திருக்காங்க. அதைப் படிச்சு இங்கிலீஷ்ல பேரம் பேசத்தான் எனக்கு ஆள் வேணும்" என்றார். மாணவனிடம் தேறிவிட்டோம் என்ற நிம்மதி நமக்கு.

மூக்குக்கு ஒரு பயிற்சி உண்டு. ஜெர்மானிய மருத்துவர்கள் வகுத்தது. ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ் ஆகிய நாலையும் காலையும் மாலையும் முகர வேண்டும். எல்லாம் நம் வீட்டுச் சரக்கே: பன்னீர், ஊறுகாய்க்கு வாங்கிய எலுமிச்சை, அஞ்சறைப் பெட்டிக் கிராம்பு, நீலகிரித் தைலம். நடுவில் அலுத்துக் கைவிட்டிருந்தோம். பாஸ்போர்ட் வந்த நாளிலிருந்து மறுபடி தொடங்கியிருக்கிறோம். கையில் கிண்ணத்தோடு கண்ணை மூடி நாம் உட்கார்ந்திருக்கும் கோலத்தைப் பார்த்துச் சகதர்மிணி, "தெரியுதாங்க?" என்று கேட்பாள்.

நேற்றுக் காலை கிராம்பு தெரிந்தது. எலுமிச்சை பாதி தெரிகிறது. மல்லிகையை இன்னும் சோதிக்கவில்லை. புறப்பட ஐந்து வாரம் இருக்கிறது.