திரையில் படம் வருமுன்

மூக்குத்தி கழலவில்லை. சோப்பு நீர் விட்டுத் திருகிப் பார்த்தும் மரை அசையாததால், அதன்மேல் பிளாஸ்திரி ஒட்டி உள்ளே அனுப்பிவிட்டார்கள். பித்தப்பையில் கல் உள்ள, நாற்பதைத் தாண்டிய அந்தப் பெண் இப்போது பச்சைத் துணிகளுக்கு அடியில் கிடக்கிறார். வயிறு மட்டும் ஒரு சதுரமாக வெளியே தெரிகிறது. மூச்சை இயந்திரம் பார்த்துக்கொள்கிறது.

மாவட்டத் தலைநகர் ஒன்றின் அரசு மருத்துவமனை தியேட்டர் இது. எதையும் தொடக்கூடாது, பேசக்கூடாது என்ற நிபந்தனையோடு என்னைச் சுவரோரம் நிறுத்தியிருக்கிறார்கள். மேஜையின் தலைமாட்டருகே பெரிய திரை இருட்டாக இருக்கிறது. நுண்துளை அறுவை என்றால் எல்லோருக்கும் நினைவு வருவது அந்தத் திரைதான். ஆனால் திரையில் படம் வர கேமரா உள்ளே போக வேண்டும். கேமரா போக வயிற்றுக்குள் இடம் வேண்டும். அந்த இடத்தை உண்டாக்கும் சில நிமிடங்களில் உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. நான் பார்க்க வந்தது அந்த நிமிடங்களை.

சிஸ்டர் ட்ரேயிலிருந்து ஓர் ஊசியை எடுக்கிறார். ஒரு சாண் நீளம்கூட இல்லை; தடிமன் 2 மி.மீ. நுனியை எஃகுக் கிண்ணத்தின் விளிம்பில் வைத்து அழுத்துகிறார். உள்ளிருக்கும் கம்பி பின்வாங்குகிறது. கையைத் தளர்த்தியதும் ‘டிக்’கென்று முன்னால் வருகிறது. பிறகு சிரிஞ்சால் சலைனைச் செலுத்திப் பார்க்கிறார்.

“ஸ்பிரிங் நல்லாருக்கு மேடம். அடைப்பும் இல்ல.”

வெரஸ் ஊசி. வெளிக்குழலின் நுனி சாய்வாகச் சீவப்பட்டு மிகக் கூர்மையாக இருக்கும். அதற்குள் மழுங்கிய முனையுள்ள ஒரு கம்பி. அதன் பக்கவாட்டில் காற்றுப் போக ஒரு துளை. தசை உறை போன்ற இறுக்கமான எதையாவது தொட்டால் மழுங்கிய கம்பி ஸ்பிரிங்கை அழுத்திக்கொண்டு உள்ளே ஒதுங்கும், கூர்முனை துளைக்கும். துளைத்து வெற்றிடம் போன்ற இடத்துக்கு வந்ததும், எதிர்ப்பு இல்லாததால் கம்பி பாய்ந்து கூர்முனைக்கு முன்னால் நின்றுகொள்ளும். அதன்பின் குடலைத் தொட்டால் மழுங்கல்தான் தொடும். இத்தனை சிறிய உலோகத்துக்குள் இவ்வளவு அக்கறையை ஒருவர் வைத்திருக்கிறார் என்பது என்னை நெகிழச் செய்கிறது.

அவர் யானோஷ் வெரஸ். ஹங்கேரியில் கபுவார் என்ற சிற்றூரில் மருத்துவராக இருந்தவர், அறுவை நிபுணர் அல்லர். 1930களில் அவர் முன்னால் இருந்தவர்கள் காசநோயாளிகள். மருந்து இல்லாத காலம். நெஞ்சுக்கூட்டுக்குள் காற்றைச் செலுத்தி நோயுற்ற நுரையீரலைச் சுருங்க வைத்து ஓய்வு கொடுப்பதுதான் அன்றைய வைத்தியம். சாதாரண ஊசி நுரையீரலையே குத்திவிடும் என்பதால் இந்த ஸ்பிரிங் ஊசியைச் செய்தார். 1938இல் ஜெர்மன் மருத்துவ இதழ் ஒன்றில் எழுதினார். வயிற்றுக்கும் இது உதவும் என்று அப்போதே குறிப்பிட்டார். பின்னால் ஸ்ட்ரெப்டோமைசினும் ஐசோநயாசிட்டும் வந்தன. சானடோரியப் படுக்கையே தேவையில்லை, வீட்டிலிருந்தபடி மருந்து சாப்பிட்டாலும் குணமாகும் என்று 1959இல் உலகுக்குக் காட்டியது நம் சென்னையில் நடந்த ஆய்வு. நெஞ்சில் காற்றேற்றும் வைத்தியம் மறைந்தது. ஊசி மறையவில்லை, வயிற்றுக்கு இறங்கிவிட்டது.

பயிற்சி மருத்துவர் தொப்புளருகே கத்தியோடு காத்திருக்கிறார். வழக்கமான இடம் அதுதான். வயிற்றுச் சுவர் மிக மெல்லியதாக இருப்பது அங்கே. அறுவை செய்யப்போகும் மேடம் குனிந்து பார்க்கிறார். தொப்புளுக்குச் சற்றுக் கீழே பிறை வடிவில் வெளிறிய தழும்பு.

“கு.க. பண்ணிருக்காங்களே, பாத்தீங்களா தம்பி?”

“பார்த்தேன் மேடம். சின்ன தழும்புதான்...”

“தழும்பு சின்னதுதான். உள்ள என்ன ஒட்டிருக்குன்னு நமக்குத் தெரியாதில்ல? பாமர்ஸ் பாயிண்ட் போவோம்.”

இரண்டாம் பிரசவம் முடிந்த கையோடு குடும்பக் கட்டுப்பாடு செய்துகொண்ட நம் ஊர்ப் பெண்கள் எத்தனையோ பேர் வயிற்றில் இந்தத் தழும்பு இருக்கிறது. அவர்களே அதை மறந்திருப்பார்கள். அறுவை செய்கிறவர் மறக்கக்கூடாது.

ரவுல் பாமர் பாரிஸில் பெண்கள் நல மருத்துவர். 1940களில் இந்த ஊசியை வயிற்று உள்நோக்கிக்குப் பரவலாக்கியவர். இடது விலா விளிம்புக்கு 3 செ.மீ. கீழே, காறை எலும்பின் நடுவிலிருந்து நேராக இறங்கும் கோட்டில் அவர் காட்டிய இடத்தில் ஒட்டுதல் அரிது. ஆனால் இரைப்பை உப்பியிருந்தால் ஊசி அதில் இறங்கிவிடும்.

“சார், வயித்துல ட்யூப் போட்டாச்சா?”

“போட்டு காத்தெல்லாம் உறிஞ்சாச்சு மேடம்” என்கிறார் மயக்க மருத்துவர்.

மண்ணீரல் வீங்கவில்லை என்று மேடம் கையால் அழுத்தி உறுதி செய்துகொள்கிறார். தோலில் ஓர் எள்ளளவு கீறல். ஊசியைப் பேனா பிடிப்பதுபோல் பிடித்து, உள்ளங்கை ஓரத்தை நோயாளியின் உடம்பில் ஊன்றுகிறார், கை திடீரென்று வழுகிப் பாயாமல் இருக்க. நேர்செங்குத்தாக இறக்குகிறார். இப்போது யாரும் பேசவில்லை. ‘டிக்’. சற்று இறங்கி இன்னொன்று. மூன்றாவது மிக மெல்லியது; அது வயிற்று உறை.

“கேட்டுச்சா தம்பி?”

“விரல்லயும் தெரிஞ்சிருக்குமே மேடம்?”

“அதான் முக்கியம்.”

சத்தத்தை மட்டும் நம்பி யாரும் காற்றைத் திறந்துவிடுவதில்லை. சிரிஞ்சைப் பொருத்தி இழுத்துப் பார்க்கிறார்: ரத்தமும் இல்லை, குடல்நீரும் இல்லை. ஊசியின் தலையில் ஒரு துளி சலைன் விட, அது தானாக உள்ளே இறங்குகிறது. பிறகுதான் குழாயை இணைக்கிறார்கள்.

“சி.ஓ.டூ போடுங்க. ஃப்ளோ ஒண்ணு. ப்ரெஷர் சொல்லுங்க.”

“அஞ்சு மேடம்.”

மேடத்தின் தோள் இறங்குவது எனக்குத் தெரிகிறது. ஆரம்ப அழுத்தம் 10க்குக் கீழே என்றால் காற்று தடையில்லாமல் போகிறது, ஊசி சரியான இடத்தில் இருக்கிறது. அதிகம் காட்டினால் கொழுப்பிலோ குடல்மேலோ முட்டி நிற்கிறது என்று பொருள்.

செலுத்துவது கரியமில வாயு. எரியாது, மின்சூட்டால் திசுவை வெட்டும்போது பயமில்லை. ரத்தத்தில் எளிதில் கரைந்து மூச்சோடு வெளியேறிவிடும். 1901இல் கெல்லிங் ஒரு நாயின் வயிற்றில் காற்றேற்றி உள்ளே பார்த்துக் காட்டினார். 1924இல் ஸ்விட்சர்லாந்தின் சோலிகோஃபர் கரியமில வாயுவைப் பரிந்துரைத்தார். கீல் நகரத்து குர்ட் செம் அழுத்தத்தைத் தானே கட்டுப்படுத்தும் இயந்திரத்தைச் செய்தார்.

வயிறு மெதுவாக எழும்புகிறது. மேடம் விரலால் தட்டிப் பார்க்கிறார், இரண்டு பக்கமும் தவில் போல் ஒலிக்கிறது. அப்போது மானிட்டரின் ‘பீப்’களுக்கு இடையே தூரம் கூடுகிறது. 76இல் இருந்த துடிப்பு 60, 52, 44.

“மேடம், நிறுத்துங்க.”

மயக்க மருத்துவரின் குரலில் பதற்றம் இல்லை. ஆனால் சிஸ்டரின் விரல் அந்தச் சொல் முடியுமுன்பே பொத்தானில் இருக்கிறது. காற்றை வெளியே விடுகிறார்கள். அட்ரோபின் நரம்பில் போகிறது. வயிற்று உறை திடீரென இழுபடும்போது வேகஸ் நரம்பு இதயத்தை அடக்கிவிடுவதுண்டு. 50. 64. 80.

“இப்ப போலாம். மெதுவா.”

மறுபடி ஃப்ளோ ஒண்ணு. அழுத்தம் 12இல் நிற்கிறது.

முதலில் தொப்புளில் சிறிதாகத் திறந்து, கண்ணால் பார்த்தபடியே உள்ளே நுழையும் முறையும் உண்டு. 1971இல் ஹாசன் எழுதியது. அதை மட்டுமே நம்பும் மருத்துவர்கள் இருக்கிறார்கள். எது மேல் என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. எனக்கு முடிவு சொல்லும் தகுதி இல்லை. ஆனால் இந்த ஊசியைப் பிடித்த கை ஒவ்வொரு கட்டத்திலும் தன்னையே சந்தேகித்ததைப் பார்த்தேன். அந்தச் சந்தேகத்தின் மேல் எனக்குப் பெரும் மரியாதை.

ஊசி வெளியே வருகிறது. அதே இடத்தில் 5 மி.மீ. குழல், அதன் வழியே கேமரா. திரையில் வெளிச்சம். முதலில் பித்தப்பையை யாரும் தேடவில்லை. ஊசி இறங்கிய இடத்துக்கு நேர் கீழே பார்க்கிறார்கள். கீறல் இல்லை. பிறகு கேமரா தொப்புளின் உட்பக்கம் திரும்புகிறது. பழைய தழும்பின் அடியில் மஞ்சள் கொழுப்புத் திரை ஒட்டியிருக்கிறது. அதோடு சேர்ந்து சிறுகுடலின் ஒரு மடிப்பும்.

பயிற்சி மருத்துவர் திரையையே பார்க்கிறார். மேடம் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த குழலைக் கேட்டுக் கை நீட்டுகிறார்.

மறுநாள் வார்டில் அந்தப் பெண் வலது தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். மூக்குத்தியின் மேல் பிளாஸ்திரி இல்லை.

“வயித்துல ஆபரேஷன் பண்ணுனீங்க, தோள்பட்டை இந்த வலி வலிக்குதே சிஸ்டர்? கட்டில்ல இடிச்சிட்டீங்களா?”

“இல்லக்கா. வயித்துல விட்ட காத்து கொஞ்சம் மிச்சம் இருக்கும். அது நெஞ்சுக்கும் வயித்துக்கும் நடுவுல இருக்கிற சவ்வை உறுத்தும். அந்தச் சவ்வுக்குப் போற நரம்பு கழுத்துலேருந்து வருது, அதான் தோள்ல வலிக்குது. ரெண்டு நாள்ல போயிடும். எழுந்து நடங்க.”

“நடந்தா போயிடுமா?”

“நடந்து பாருங்கக்கா. நான் பிடிச்சுக்கறேன்.”