வானவில் ஏன் வளைந்திருக்கிறது? – சுனாபட்டியிலிருந்து ஒரு பார்வை



மும்பையின் ஹார்பர் ரயில் பாதையில், குரு தேக் பகதூர் நகருக்கும் குர்லாவுக்கும் இடையே அமைந்த சிறிய நிலையம் சுனாபட்டி. உசிலம்பட்டி, கோவில்பட்டி போல இதுவும் ஒரு பட்டி என்றே நம் செவிக்குத் தோன்றும். ஆனால் இங்கே ‘சுனா’ என்பது சுண்ணாம்பு. ‘பட்டி’ என்பது சூளை. சுண்ணாம்புச் சூளையின் பெயரைத் தாங்கி நிற்கும் பகுதி இது.

மழைக்காலத்தில் இப்பகுதி மக்கள் வானத்தைச் சற்று அச்சத்தோடுதான் நோக்குவர். நிலம் தாழ்ந்திருப்பதால், கனமழை பெய்தால் தண்டவாளங்கள் நீரில் மூழ்கி ரயில்கள் நின்றுவிடுவதுண்டு. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பதிவானதை மும்பைத் தமிழர் எளிதில் மறவார். அதே மழை சற்று ஓய்ந்து, மேற்கே மாலை வெயில் எட்டிப் பார்க்கும்போது, எதிர்ப்புறத்தில் செம்பூர், டிராம்பே மலைப்பக்கமாக வானவில் தோன்றுவதும் உண்டு. “அது ஏன் வளைந்திருக்கிறது?” என்று பிள்ளைகள் கேட்டால், நாம் என்ன விடை கூறுவோம்?

வானவில்லைக் காண, முதுகுக்குப் பின்னே சூரியனும் முகத்துக்கு முன்னே மழைத்துளிகளும் இருத்தல் வேண்டும். துளிக்குள் நுழையும் ஒளி சற்றே வளைந்து, துளியின் பின்சுவரில் பட்டுத் திரும்பி, வெளியேறும்போது மீண்டும் வளைகிறது. அவ்வாறு திரும்பும் ஒளி ஒரு குறிப்பிட்ட கோணத்தில்தான் மிகுதியாகத் திரள்கிறது. சிவப்புக்கு அது ஏறத்தாழ 42 பாகை. ஊதாவுக்கு 40 பாகை. சூரியனிலிருந்து நம் தலை வழியாக நம் தலையின் நிழலுக்குச் செல்லும் கோட்டிலிருந்து இக்கோணத்தை அளக்கவேண்டும்.

விரித்த குடையை எண்ணிப் பாருங்கள். நடுவே ஒரு தண்டு. அதிலிருந்து எல்லாக் கம்பிகளும் ஒரே அளவாய் விலகி நிற்கின்றன. ஆகையால் குடையின் விளிம்பு வட்டமாகிறது. கம்பிகள் கூடும் உச்சியில் நம் கண் இருப்பதாகவும், தண்டு நம் நிழலை நோக்கி நீள்வதாகவும் கொண்டால், விளிம்பு இருக்கும் திசையிலுள்ள துளிகளே நமக்குச் சிவப்பைக் காட்டுகின்றன. எனவே வானவில் உண்மையில் ஒரு முழு வட்டம். கீழ்ப்பகுதியைப் பூமி மறைத்துவிடுவதால் நாம் வில்லாகக் காண்கிறோம்.

சூரியன் தாழ்ந்திருந்தால் வில் உயர்ந்து நிற்கும். சூரியன் 42 பாகைக்கு மேல் ஏறினால் வில் முழுவதும் தொடுவானத்துக்குக் கீழே போய்விடும். ஆகவே ஜூலை மாதத்து மும்பையில் காலை ஏறத்தாழ ஒன்பதே கால் மணிமுதல் மாலை நான்கு மணிவரை தரையிலிருந்து வானவில் தெரியாது. காலையில் மாகிம் பக்கமாக மேற்கே நோக்கவேண்டும், மாலையில் கிழக்கே. அருகிலுள்ள சயான் கோட்டைக் குன்றின்மேல் நிற்பவர் வட்டத்தைச் சற்றுக் கூடுதலாகக் காணக்கூடும். விமானத்தில் செல்வோர் சில வேளைகளில் முழு வட்டத்தையும் காண்கின்றனர்.

14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஜெர்மனியில் தியோடோரிக்கும் பாரசீகத்தில் கமாலுதீன் அல்பாரிசியும், ஒருவரையொருவர் அறியாமல், நீர் நிரப்பிய கண்ணாடி உருண்டையைக் கொண்டு இதனை ஆராய்ந்தனர். 1637இல் தெக்கார்த் இக்கோணத்தைக் கணக்கிட்டு வெளியிட்டார். இன்று நம் பிள்ளைகளும் மொட்டை மாடியில், வெயிலுக்கு முதுகைக் காட்டி, குழாய் நீரைத் தூவிப் பார்க்கலாம். கையை நீட்டி விரல்களை விரித்தால், தலையின் நிழலிலிருந்து ஏறத்தாழ இரண்டு சாண் தொலைவில் வண்ணவளையம் தெரியும்.

இதிலிருந்து மற்றொன்றும் விளங்குகிறது. வட்டத்தின் மையம் அவரவர் தலையின் நிழல். ஆகையால் ஒரே சன்னலில் நிற்கும் தாயும் மகளும்கூட வெவ்வேறு துளிகளின் ஒளியையே காண்கின்றனர். அந்த மாடிக் கட்டடத்தின்மேல் வில் இறங்கியிருக்கிறதே, அங்குள்ளோர் பாக்கியசாலிகள் என எண்ணவேண்டாம். அவர்கள் தங்கள் வீட்டின்மேல் எதையும் காணார். இருபதாம் மாடியில் வசிப்பவருக்கும் தாராவியின் சந்தில் நிற்பவருக்கும் வில் அவரவரையே மையமாகக் கொண்டு வளைகிறது. ஒருவருடைய வில்லை மற்றொருவர் எடுத்துக்கொள்ள இயலாது.

நோவாவின் வெள்ளத்துக்குப்பின் இவ்வடையாளம் மாம்சமான யாவருக்கும் பொதுவாக அளிக்கப்பட்டதை ஆதியாகமம் 9ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். எபிரேய மொழியில் போர்வில்லுக்கும் வானவில்லுக்கும் சொல் ஒன்றே. யோவான் கண்ட தரிசனத்திலோ, வானவில் சிங்காசனத்தைச் சூழ்ந்திருந்தது; அங்கே அதை மறைக்கப் பூமி இல்லை.

அடுத்த முறை மாலை மழை ஓய்ந்து வெயில் வந்தால், பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வெளியே வாருங்கள். சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்று, அவரவர் நிழலைக் கண்டு, இரண்டு சாண் அளந்து பாருங்கள்.