வீணையா, கிடாரா?

சங்கத்தின் ஆண்டு விழாவுக்கு நான் எழுதிய அரை மணி நாடகத்தைப் படித்துவிட்டு, செயலாளர் மாமா ஒரே ஒரு திருத்தம் சொன்னார்: "கிடாரை எடுத்துட்டு வீணை வெச்சுடேன்மா. குடும்பத்தோட வந்து பார்க்கறவா. எதுக்கு வம்பு?"

என் கதாநாயகிக்கு வயது 15. வீட்டுக்குத் தெரியாமல் தோழிகளுடன் ராக் குழு ஆரம்பிக்கிறாள். காதல் கிடையாது, ஓடிப்போவதும் கிடையாது. ஆனாலும் வம்பு.

மாமாவைக் குறை சொல்ல முடியாது. கல்கத்தா லேக் மார்க்கெட் பக்கம் வளர்ந்த எங்களுக்கு பார்க் ஸ்ட்ரீட் சில மைல் தூரம்தான். ஆனால் வேறு தேசம். 1980களில், அந்தத் தெருவின் டிரிங்காஸில் பாடிப் பெயரெடுத்த உஷா உதுப்பின் கேசட் எங்கள் வீட்டில் இருந்தது. அப்பா ரசித்துக் கேட்பார். "எனக்கும் இப்படிப் பாடணும்ப்பா" என்று ஒருநாள் சொன்னேன். டேப் ரிக்கார்டரை நிறுத்தினார். "கேக்கறது வேற, பாடறது வேற." அடுத்த வாரமே கர்நாடக சங்கீத வாத்தியார் வந்துவிட்டார்.

உஷாவும் தமிழ்க் குடும்பத்துப் பெண்தான். 1947இல் பம்பாயில் பிறந்தவர். குரல் சரியில்லை என்று பள்ளியின் பாட்டு வகுப்பிலிருந்து வெளியே அனுப்பப்பட்டவர். 1969இல் சென்னை மவுண்ட் ரோடு 'நைன் ஜெம்ஸ்' கிளப்பில் பட்டுப்புடவையும் பூவுமாகப் பாட ஆரம்பித்து, பிறகு கல்கத்தா வந்தார். 1980களில் மேற்கு வங்க இடதுசாரி அரசின் பொதுப்பணித் துறை அமைச்சர் ஜதின் சக்ரவர்த்தி, அவர் பாட்டைச் சீரழிவுக் கலாசாரம் என்று சாடி, அரசு அரங்குகளில் பாட விடாமல் தடுத்தார். உஷா நீதிமன்றம் போய் ஜெயித்தார். 2011இல் பத்மஸ்ரீ, 2024இல் பத்மபூஷண்.

எல்லோருக்கும் அப்படி வாய்ப்பதில்லை. ஸ்ரீநகரில் மூன்று பள்ளி மாணவிகள் தொடங்கிய 'பிரகாஷ்' ராக் குழு, 2012 டிசம்பரில் முதன்முதலாக மேடையேறிப் பரிசும் வாங்கியது. மிரட்டல்கள் வந்தன, தலைமை முஃப்தி கண்டித்தார். 2013 பிப்ரவரியில் குழு கலைந்தது. என் கதாநாயகி பிறந்தது அந்தச் செய்தியைப் படித்த நாளில்தான்.

அன்றிரவு கிடாரை அடித்துவிட்டு வீணை என்று எழுதிப் பார்த்தேன். 16 வயது மகள் வாங்கிப் படித்தாள். "அம்மா, வீணைன்னா அவ எதுக்கு வீட்டுக்குத் தெரியாம ஒளியணும்?"

நாடகம் அங்கேயே செத்துப் போயிற்று.

மறுநாள் மாமாவிடம் சமரசம் பேசினேன். பட்டுப்பாவாடை உண்டு, மல்லிகைப்பூ உண்டு, பொட்டு உண்டு; கிடாரும் உண்டு. சற்று யோசித்து, "சத்தம் மட்டும் கொஞ்சம் கம்மியா..." என்றார். ஜெயித்துவிட்ட பெருமிதத்தோடு வீடு திரும்பினேன்.

மகள் கேட்டாள்: "பாவாடை கட்டிக்கலேன்னா அவளை வாசிக்க விட மாட்டாளா?"

உஷாவுக்குப் புடவை வேஷமல்ல, வழக்கமான உடுப்பு. நான் என் கதாநாயகிக்குக் கட்டிவிட்டதோ அனுமதிச் சீட்டு. நாடகம் நடந்தது, கைதட்டலும் கிடைத்தது. மகளுக்கு மட்டும் இன்னும் பதில் சொல்லவில்லை.