மூடி திறக்காத தட்டு

அத்தையின் கட்டில் முனையில் ஓர் அட்டை தொங்கியது. இரத்த அழுத்தம், நாடித்துடிப்பு, காய்ச்சல், சர்க்கரை எல்லாம் நேரம் தவறாமல் எழுதப்பட்டிருந்தன. சிறுநீர் எத்தனை மில்லி லிட்டர் என்பதுகூட இருந்தது. அன்று பகல் அத்தை எத்தனை வாய் சோறு சாப்பிட்டார் என்று எழுத மட்டும் அதில் இடமே இல்லை.

அத்தைக்கு 79 வயது. குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. கிள்ளான் பள்ளத்தாக்கில் உள்ள ஓர் அரசாங்க மருத்துவமனையில் 16 நாள் இருந்தார். அவருடைய மகனுக்கு ஜொகூரில் வேலை. வார இறுதியில்தான் வர முடியும். எனக்கு வானொலியில் காலை நிகழ்ச்சி. 10 மணிக்கு வேலை முடிந்துவிடும் என்பதால் பகல் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

மருத்துவமனைச் சாப்பாடு என்றதும் நாம் ருசியைத்தான் பேசுவோம். உப்பு இல்லை, உறைப்பு இல்லை, ஆறிப்போய் வருகிறது என்போம். தினமும் அந்தத் தட்டைப் பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: சாப்பாடு மோசமில்லை. சோறு, கோழி அல்லது மீன், ஏதாவது ஒரு கீரை, ஒரு துண்டு பப்பாளி. சமைத்தவர்கள் ஒழுங்காகத்தான் சமைத்திருந்தார்கள். அது அத்தையின் வாய்க்குள் போகவில்லை, அவ்வளவுதான்.

ஏன் போகவில்லை என்று பார்க்க முதலில் எனக்கு வழியில்லை. அந்த வார்டில் பகல் தட்டு 11.45க்கு வரும். வருகை நேரம் 12.30க்குத் தொடங்கும். நான் உள்ளே போகும்போது தட்டு ஆறியிருக்கும். ஒரு மணிக்கெல்லாம் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். "சாப்பிட்டீங்களா அத்தை?" என்று கேட்டால், "சாப்பிட்டேன்மா" என்பார். மூடி திறக்கப்படாத தட்டு அவர் கால்மாட்டில் இருக்கும்.

மூன்றாம் நாள் வார்டு சிஸ்டரிடம் பேசி ஒரு பெஞ்சாகா பாஸ் வாங்கினேன். இரண்டு நிமிடத்தில் எழுதிக் கொடுத்துவிட்டார். அதன் பிறகுதான் முழுக் காட்சியும் தெரிந்தது. தட்டு கொண்டுவருபவர், "ஆன்ட்டி, மாக்கான் யா" என்று அன்பாகச் சொல்லி, சக்கர மேசையில் வைத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போவார். மேசையோ கை எட்டாத தூரத்தில். அத்தை பாதி படுத்த நிலையில். வலது கையில் டிரிப்ஸ் ஊசி. தட்டின்மேல் ஒட்டிய பிளாஸ்டிக் தாளை இரண்டு கையாலும் இழுத்தால்தான் கிழியும். பல்செட்டோ டிஷ்யூவில் சுற்றப்பட்டு அலமாரி இழுப்பறைக்குள். இந்த நிலையில் யார் வந்து "வேண்டுமா?" என்று கேட்டாலும் அத்தையின் பதில் ஒன்றுதான்: "தாக் அப்பா." தோட்டத்தில் வளர்ந்த தலைமுறை. யாருக்கும் தொந்தரவு கொடுக்கக் கூடாது என்பது அவர்களுக்கு ரத்தத்தில் ஊறியது.

தாதியரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதே நேரத்தில்தான் பகல் மருந்து கொடுக்க வேண்டும். ஒருவருக்குப் புண் கட்டு மாற்ற வேண்டும், இன்னொருவரை எக்ஸ்ரேக்கு அனுப்ப வேண்டும். எல்லாவற்றுக்கும் ஆள் இருந்தது. ஊட்டிவிட மட்டும் யாருக்கும் பொறுப்பு இல்லை.

அதற்கு முன் நடந்ததையும் சொல்ல வேண்டும். அறுவை சிகிச்சைக்காக முதல் நாள் நள்ளிரவிலிருந்து 'புவாசா' என்று பலகை மாட்டினார்கள். மறுநாள் மாலை நான்கு மணிக்கு, அவசர நோயாளிகள் வந்துவிட்டதால் இன்று இல்லை என்றார்கள். அதற்கு மறுநாளும் அதே கதை. மூன்றாம் நாள்தான் உள்ளே அழைத்துப் போனார்கள். அவசரம் என்றால் அவசரம்தான், அதில் வாதாட முடியாது. ஆனால் ஒத்திவைத்ததும் பலகையைக் கழற்றி உடனே ஏதாவது சாப்பிடக் கொடுங்கள் என்று ஒருவர் சொல்லியிருக்க வேண்டும். ஒத்திவைத்த செய்தி சாப்பாடு வழங்கும் சாஜியான் பிரிவுக்குப் போய்ச் சேருவதற்குள் மாலைத் தட்டும் கடந்துவிட்டது.

வயதானவர் ஒருவர் சில நாள் சரியாகச் சாப்பிடாவிட்டால் என்ன ஆகும்? வீட்டுக்கு வந்து தேற்றிக்கொள்ளலாம் என்றுதான் உறவினர் பலரும் சொன்னார்கள். அமெரிக்காவில் ஓர் ஆய்வு, 2007இல் வெளியானது. நோயே இல்லாத முதியவர்களை 10 நாள் படுக்கையிலேயே இருக்கச் செய்தார்கள். வேளாவேளைக்குச் சாப்பாடு கொடுத்தும் கால்களில் மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ தசை போய்விட்டது. எலும்பு முறிந்து, அறுவை முடிந்து, தட்டையும் திருப்பி அனுப்பும் ஒருவருக்கு எவ்வளவு போகும்? அந்தத் தசைதான் அவரை எழுந்து கழிவறைக்கு நடக்க வைக்க வேண்டியது. புண் ஆறுவதற்கும், கிருமியை எதிர்ப்பதற்கும் சாப்பாட்டிலிருந்துதான் புரதம் போக வேண்டும்.

சுவிட்சர்லாந்தில் 8 மருத்துவமனைகளில் 2,000க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் நடத்திய ஆய்வு 2019இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வந்தது. எல்லாரும் ஊட்டச்சத்துக் குறையும் அபாயத்தில் இருந்தவர்கள். பாதிப் பேருக்கு வழக்கமான சாப்பாடு. மீதிப் பேருக்கு, இவர் இத்தனை புரதம், இத்தனை கலோரி சாப்பிட வேண்டும் என்று உணவியல் நிபுணர் இலக்கு வைத்துப் பின்தொடர்ந்தார். 30 நாளில் முதல் பிரிவில் 10 விழுக்காட்டினர் இறந்தார்கள். இரண்டாம் பிரிவில் 7 விழுக்காட்டினர். புதிய மருந்து ஒன்று இந்த வித்தியாசத்தைக் கொண்டுவந்திருந்தால் தலைப்புச் செய்தியாகியிருக்கும்.

உணவியல் நிபுணரைப் பார்க்க வேண்டும் என்று நாமே கேட்கலாம். நான் கேட்டேன், மறுநாள் ஓர் இளம்பெண் வந்தார். அத்தையால் எடைப் பொறியில் நிற்க முடியாது என்பதால், மேற்கையின் சுற்றளவை நாடாவால் அளந்தார். கடைசியாகச் சட்டை இறுக்கமாக இருந்தது எப்போது என்று கேட்டார். பிறகு கணக்குப் போட்டார். நோயுற்ற முதியவருக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் வேண்டும். அத்தை ஏறத்தாழ 48 கிலோ. அப்படியென்றால் 58 முதல் 72 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம் இருக்கும். ஒரு கிண்ணம் வெறும் கஞ்சியில் இரண்டு மூன்று கிராம் தேறினால் அதிகம்.

அன்றுவரை உறவினர் மாறி மாறிக் கொண்டுவந்தது கஞ்சிதான். உடம்புக்கு முடியவில்லை என்றால் கஞ்சி, இது நம் வீடுகளில் எழுதப்படாத சட்டம். கஞ்சியை விட வேண்டாம், அதற்குள் ஏதாவது போடுங்கள் என்றார் அவர். அடித்த முட்டை, மசித்த பருப்பு, பொடித்த நெத்திலி, பிய்த்துப் போட்ட மீன். மைலோவைத் தண்ணீரில் கலக்காமல் பாலில் கலக்கலாம். ஒரு வேளைக்குப் பெரிய தட்டாக வைக்காமல் இடையிடையே சிறிதாகக் கொடுக்கலாம். அத்தைக்குச் சர்க்கரை இருக்கிறதே என்று அப்பா பயந்தார். சர்க்கரையை மருந்தால் கவனித்துக்கொள்கிறோம், இந்த வாரம் சாப்பாட்டைக் குறைக்கும் வாரம் இல்லை என்றார் அந்தப் பெண். எல்லாருக்கும் இதே பதில் கிடைக்காது, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்குக் கணக்கே வேறு. கேட்டுவிட்டுச் செய்வதுதான் நல்லது. பெரிய டப்பாவில் பிரியாணி கொண்டுவந்த மாமாவையும் நான் குறை சொல்ல மாட்டேன், ஆனால் அதை யார் சாப்பிட்டார்கள் என்பது அவருக்கே தெரியும்.

இன்னொன்றையும் அவர்தான் கண்டுபிடித்தார். மாலைச் சாப்பாடு 5.30க்கு வந்துவிடும். அடுத்த நாள் காலைச் சாப்பாடு 7.30க்கு. நடுவில் 14 மணி நேரம். இரவு ஒன்பது மணிக்குப் பாலும் பிஸ்கட்டும் என்று குறிப்பு எழுதிவிட்டுப் போனார். வெள்ளிக்கிழமை அத்தை சைவம் என்பதையும் அப்போதுதான் சாஜியானுக்குச் சொன்னோம். அதுவரை பழுப்பாக எந்த இறைச்சி வந்தாலும், மாடாக இருக்குமோ என்று கேட்காமலேயே ஒதுக்கி வைத்திருக்கிறார். கோழி என்று யாராவது தமிழில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சாப்பிட்டிருப்பார்.

ஊட்டிவிடுவதிலும் ஒரு முறை இருக்கிறது. முதுகை நன்றாக நிமிர்த்தி உட்கார வைக்க வேண்டும்; சாப்பிட்ட பிறகும் அரை மணி நேரமாவது அப்படியே இருக்க வேண்டும். எதிர்க் கட்டிலில் பக்கவாதம் வந்த ஒரு பாட்டி இருந்தார். அவர் மகன் பாசத்தோடு காப்பி கொடுத்துக்கொண்டிருந்தார். இரண்டு மிடறு குடித்ததும் பாட்டியின் குரல், தொண்டைக்குள் தண்ணீர் நிற்பதுபோல் ஈரமாக மாறியது. குரலை வைத்துப் பிழைப்பவள் என்பதால் என் காதில் உடனே விழுந்தது. இருமல் வந்தாலும், குரல் இப்படி மாறினாலும், திரவம் மூச்சுக்குழாய்ப் பக்கம் போகிறது என்று பொருளாக இருக்கலாம். அது நிமோனியாவில் கொண்டுபோய் விடும். அவரிடம் சொன்னேன், அவர் தாதியிடம் சொன்னார். அன்று மாலையே விழுங்கும் திறனைச் சோதித்துவிட்டு, இனித் தண்ணீரையும் கெட்டியாக்கித்தான் கொடுக்க வேண்டும் என்று தலைமாட்டில் எழுதி ஒட்டினார்கள்.

பிரிட்டனில் முதியோர் நல அமைப்பான 'ஏஜ் கன்சர்ன்' 2006இல் மருத்துவமனைப் பசியைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. அதில் ஏழு வழிகள் சொல்லியிருந்தார்கள். சாப்பாட்டு நேரத்தில் அவசரமில்லாத சிகிச்சைகளை நிறுத்திவைப்பது ஒன்று. உதவி தேவைப்படுபவருக்குச் சிவப்புத் தட்டில் கொடுப்பது இன்னொன்று. தூரத்திலிருந்து பார்த்தாலே, இவர் தானாகச் சாப்பிட மாட்டார் என்று தெரிந்துவிடும். பயிற்சி பெற்ற தொண்டூழியர்களைப் பயன்படுத்துவதும் அதில் உண்டு. நேரத்தை ஒதுக்குவதால் மட்டும் முதியவர்கள் கூடுதலாகச் சாப்பிட்டுவிடவில்லை என்று பின்னால் வந்த சில ஆய்வுகள் காட்டின. எனக்கு அதில் ஆச்சரியம் இல்லை. வார்டு எவ்வளவு அமைதியாக இருந்தாலும் பிளாஸ்டிக் தாளை ஒருவர் கிழித்துக் கொடுக்க வேண்டுமே. சிவப்புத் தட்டுக்குப் பெரிய செலவு இல்லை. கோயிலில் அன்னதானத்துக்கு வரிசையில் நின்று பரிமாறும் நம் இளைஞர்களில் பத்துப் பேர், முறையாகப் பயிற்சி பெற்று, வாரம் ஒரு பகல் வார்டில் நின்றால் எத்தனை தட்டு காலியாகும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கிறேன்.

எங்கள் வீட்டில் வாட்ஸ்அப் குழுவில் அட்டவணை போட்டோம். காலை அப்பா, பகல் நான், மாலை சித்தி. வந்தவர் எத்தனை கரண்டி போனது என்று எழுதிவிட்டுப் போக வேண்டும். 'அரைத் தட்டு, முட்டை முழுதும், பப்பாளி வேண்டாம்' என்று அப்பா எழுதுவார். சித்தி படமே எடுத்து அனுப்பிவிடுவார். பத்தாம் நாள் உடற்பயிற்சி சிகிச்சையாளர் அத்தையை நிற்க வைத்தார். பன்னிரண்டாம் நாள் வாக்கரைப் பிடித்துக்கொண்டு ஆறு அடி நடந்தார். அன்று பகல் தட்டில் பாதிக்கு மேல் போனது. எல்லாம் முடிந்து, "நெத்திலி சம்பல் கொஞ்சம் கொண்டுவரக் கூடாதாம்மா?" என்று அத்தை கேட்டார்.

வீடு திரும்பிய நாள் காலை, எதிர்க் கட்டில் பாட்டியின் மகன் என்னிடம் வந்து, பெஞ்சாகா பாஸுக்கு யாரைக் கேட்க வேண்டும் என்றார். சிஸ்டரின் மேசையைக் காட்டினேன். 11.45க்குள் வந்துவிடுங்கள் என்றும் சொன்னேன்.